எந்த ராமானுஜன்?



நூலக விழாவுக்குப் பேச வருகிறவர் ஒரு புத்தகத்தோடு வருவது வழக்கம். நான் ஒரு பெயரோடு வந்திருக்கிறேன். ராமானுஜன். இதைச் சொன்னதும் உங்களில் பெரும்பாலோர் மனத்தில் கும்பகோணமும் கேம்பிரிட்ஜும் எழுந்திருக்கும். சிலருக்கு ஸ்ரீபெரும்புதூரும் திருவரங்கமும். கச்சேரி கேட்கிறவர்கள் அரியக்குடியை நினைத்திருப்பீர்கள். இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் ஏ.கே. ராமானுஜனை நினைத்திருப்பார்கள். கணிதத்தில் ஆழமாகப் போனவர் யாராவது இந்த அரங்கில் இருந்தால், சி.பி. ராமானுஜம் என்று ஒரு பெயரும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

இந்தப் பெயரைச் சொல்லி ஒரு புத்தகம் கேட்டால் நல்ல நூலகர் உடனே அலமாரிப் பக்கம் போகமாட்டார். 'எந்த ராமானுஜன்?' என்று திருப்பிக் கேட்பார். இந்த மாலை முழுவதும் நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்து பேருக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் அல்ல. எல்லாருக்கும் பெயர் ஓர் இடத்திலிருந்துதான் வந்தது. ஆனால் அவர்களில் ஒருவருடைய புகழ் ஓங்க ஓங்க, அந்தப் பெயரே அவர் ஒருவருக்குச் சொந்தம் போல ஆகிவிட்டது. மற்றவர்கள் மங்கிப்போகிறார்கள். சமயம் ஓர் அலமாரி, கணிதம் ஓர் அலமாரி, இசை வேறு, இலக்கியம் வேறு என்று பிரித்து வைத்துவிட்டோம். ஐவரையும் ஒரே மேசைமேல் வைத்துப் பார்த்தால், பிரித்து வைத்தபோது தெரியாத உறவுகள் தெரிகின்றன.

மேலை நாடுகளில் இரண்டு பேர் ஒரே பெயரால் அறியப்பட்டால், பெரும்பாலும் அது குடும்பப்பெயராக இருக்கும். நம் பழக்கம் வேறு. அப்பாவின் பெயர் முன்னால் ஓர் எழுத்தாகச் சுருங்கி நிற்கும். சொந்தப் பெயர்தான் ஊரறிய நிற்கும். அந்தச் சொந்தப் பெயரும் சாமி பெயர், தாத்தா பெயர், ஆசாரியன் பெயர் என்று மிகச் சிறிய தொகுப்பிலிருந்து வருவது. ஆகவே நம்மிடையே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இனிஷியல்தான். கும்பகோணத்துக்காரர் தம் கட்டுரைகளில் எஸ். ராமானுஜன் என்றுதான் கையெழுத்திட்டார். 'எஸ்' என்பது ஸ்ரீனிவாசன், கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் கணக்கெழுதிய அவருடைய தகப்பனார். உலகம் அந்த எழுத்தை விட்டுவிட்டு, மீதியைக் குடும்பப்பெயர் போல எடுத்துக்கொண்டது. இன்று ராமானுஜன் கணிப்பு, ராமானுஜன் வரைபுகள் என்று உலகெங்கும் எழுதுகிறார்கள். பெருமைதான். அந்தப் பெருமையால் வந்த குழப்பத்தையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயரின் ஊற்றுக்குப் போவோம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஆசூரி கேசவ சோமயாஜியாரின் மகனாகப் பிறந்தவர் உடையவர் என்று போற்றப்படும் இராமானுஜர். 1017 முதல் 1137 வரை, 120 ஆண்டு வாழ்ந்தார் என்பது வைணவ மரபின் கணக்கு. அந்த நீண்ட ஆயுளை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. நமக்கு இங்கே ஆயுள் முக்கியமில்லை. அவர் பெயர் எப்படி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது என்பதுதான் முக்கியம்.

திருவரங்கத்து அமுதனார் பாடிய இராமாநுச நூற்றந்தாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 108 பாட்டு. ஒவ்வொரு பாட்டிலும் இராமாநுசன் என்ற பெயர் வருகிறது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தோடு சேர்த்து அதை ஓதுகிறார்கள். ஒருவர் பெயரை நூற்றெட்டு முறை, நாள்தோறும், தலைமுறை தலைமுறையாக வாய்விட்டுச் சொல்லும் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அதோடு, ஒரு வைணவர் இன்னொருவரிடம் தம்மை 'அடியேன் இராமானுஜதாசன்' என்று சொல்லிக்கொள்கிறார். சாதிப் பெயரைச் சொல்லாமல் ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள அந்தக் காலத்திலேயே ஒரு வழி திறந்தது. அது முழுமையாக நிறைவேறியது என்று நான் சொல்லவரவில்லை. கோயில் வாசல்கள் எல்லாருக்கும் திறக்க இருபதாம் நூற்றாண்டின் சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தன. இருந்தாலும் திருக்கோட்டியூர் கோயிலில் ஏறி நின்று, குரு இரகசியமாகத் தந்த மந்திரப் பொருளைக் கூடியிருந்தவர்களுக்கு உரக்கச் சொன்னார் என்று குருபரம்பரைக் கதை ஒருவரைப் பற்றிச் சொல்கிறதென்றால், மக்கள் அவரிடம் எதை விரும்பினார்கள் என்பது விளங்கிவிடுகிறது. இந்திரா பார்த்தசாரதி அவரை நாடகமாக எழுதினார், அதற்கு 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் கிடைத்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத கலைஞர் கருணாநிதி தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு அவர் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராக எழுதினார். இந்தப் பெயருக்கு அந்த இழுப்பு உண்டு.

திருக்கோட்டியூர் இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது அரியக்குடி. 'தென் திருப்பதி' என்று சொல்லப்படும் பெருமாள் கோயில் உள்ள ஊர். அங்கே 1890இல் பிறந்தவர் ராமானுஜ ஐயங்கார். கும்பகோணத்தாரைவிட இரண்டரை வயது இளையவர். இன்று நாம் சபாவில் உட்கார்ந்து கேட்கும் கச்சேரியின் அமைப்பு, அதாவது வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், பிறகு விரிவான ஆலாபனை, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்ற வரிசை, பெருமளவு அவர் வகுத்துத் தந்தது. 1938இல் சங்கீத கலாநிதி ஆனார். அதையெல்லாம் இசை வரலாறுகள் சொல்லும். நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது ஒன்றுதான்.

உடையவருக்குத் 'திருப்பாவை ஜீயர்' என்று ஒரு பெயர் உண்டு. ஆண்டாளின் அந்த முப்பது பாட்டிலும் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு. அந்த முப்பதுக்கும் நாட்டையில் தொடங்கி ராகம் அமைத்து, கச்சேரி மேடையில் வைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் இசைத்தட்டாகி, மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் அந்த மெட்டுகள் நம் காதில் விழுந்தன. தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் இடம் உண்டா என்று ஊரெல்லாம் வாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளையும் எடுத்து, செம்மங்குடி சீனிவாச ஐயரோடு சேர்ந்து புது மெட்டமைத்தார். அவற்றின் பழைய மெட்டுகள் வழக்கொழிந்து போயிருந்தன. இன்று அந்தப் பாடல்கள் உயிரோடு இருப்பதற்கு அந்த இருவரும் காரணம். இராமன் கதையைத் தமிழில் பாடிய ஒருவரை ஒரு ராமானுஜர் மீட்டார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ராமானுஜனும் இராமன் கதையைத் தொடப்போகிறார்.

இப்போது கும்பகோணம். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த அந்தக் குழந்தை வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். அவர் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914 மார்ச்சில் கப்பல் பயணம், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் மரணம். வயது 32. வாடகைக் கார் எண்ணின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். அவற்றைக் கடந்து, அந்தத் தெருவையும் அந்த ஊர்க் கல்லூரியையும் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

நாதமுனிகள் ஆழ்வார் பாசுரங்களைத் தேடிப் புறப்பட்ட கதையைக் கேட்டிருப்பீர்கள். யாத்திரை வந்தவர்கள் பாடிய பத்துப் பாசுரத்தைக் காட்டுமன்னார்கோயிலில் கேட்டார். ஆயிரத்தில் இவை பத்து என்று அந்தப் பாட்டே சொல்லியது. மீதி எங்கே என்று தேடிப் போய்த்தான் நாலாயிரமும் கிடைத்தது என்பது மரபு. அந்தப் பத்தும் நம்மாழ்வார் பாடியவை, குடந்தை ஆராவமுதன்மேல் பாடியவை. அந்த ஆராவமுதன்தான் சாரங்கபாணி. எண்களில் தோய்ந்து கிடந்த சிறுவன் திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தது, நாலாயிரத்தின் தேடலுக்கு வித்திட்ட அந்தச் சன்னிதிக்கு நேர் எதிரே போகும் தெருவில்.

அதே ஊரில் அரசினர் கல்லூரி. அங்கே 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டது 1887, ராமானுஜன் பிறந்த அதே ஆண்டு. ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். ராமானுஜன் உதவித்தொகையோடு அந்தக் கல்லூரியில் சேர்ந்தது 1904. ஒரே ஓர் ஆண்டு வித்தியாசத்தில் இருவரும் வகுப்பறையில் சந்திக்காமல் போனார்கள். கணிதத்தைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லாததால் உதவித்தொகையை இழந்து அந்தப் பையன் கல்லூரியை விட்டு வெளியேறினான் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஏட்டுச் சுவடிக்காக ஊர் ஊராக அலைந்த அந்தத் தமிழாசிரியர் இருந்திருந்தால் ஒன்றில் மட்டுமே தோய்ந்து கிடப்பவனின் தவிப்பைப் புரிந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சந்திப்பு வேறொரு ராமானுஜனுக்கு நேர்ந்தது. இடம் சிகாகோ.

அத்திப்பட்டு கிருஷ்ணசாமி ராமானுஜன் 1929 மார்ச் 16 அன்று மைசூரில் பிறந்தார். அவருடைய தகப்பனாரின் முழுப்பெயரில் ஆசூரி என்ற குடிப்பெயர் உண்டு. உடையவரின் தகப்பனார் ஆசூரி கேசவ சோமயாஜியார் என்று சற்றுமுன் சொன்னேன், நினைவிருக்கும். மைசூருக்குத் தமிழ் பேசும் வைணவர்கள் போனதற்கும் உடையவருக்கும் தொடர்பு உண்டு. அவர் தமிழகத்தை விட்டுக் கன்னட நாட்டுக்குச் சென்று தொண்டனூரிலும் மேல்கோட்டையிலும் பல ஆண்டு தங்கினார். மேல்கோட்டை அன்றிலிருந்து வைணவத்தின் பெரிய நிலையமாக இருக்கிறது.

இந்தத் தகப்பனார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வானியல் அறிந்தவர், சோதிடமும் பார்த்தவர். மேல்நாட்டுக் கணிதர்களும் வருவார்கள், சாஸ்திரிகளும் வருவார்கள். காலையில் கீதை, மாலையில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். இந்த இரண்டையும் எப்படி ஒரே ஆள் வைத்துக்கொள்ள முடியும் என்று இளம் மகனுக்குக் கோபம் வந்தது. பிற்காலத்தில், இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என்று கேட்டு அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அந்தக் கோபத்திலிருந்துதான் கிளம்பியது. கணிதமேதை இறந்து ஒன்பது ஆண்டுக்குப் பின், கணிதப் பேராசிரியரான ஒரு வைணவர் வீட்டில் ராமானுஜன் என்று பெயர் வைத்தால் அது ஆசாரியருக்கும் பொருந்தும், மேதைக்கும் பொருந்தும். பிள்ளையோ இரண்டு வழியிலும் போகவில்லை. சொல்லின் வழியில் போனார்.

வீட்டில் மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே சமையலறையில் அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம். மூன்று மொழிக்குள்ளும் ஓடி ஓடி வளர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிஞரானார். சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போன புதிதில், 1962இல் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குள் போனார். பழந்தமிழை அவர் முறையாகக் கற்றதில்லை. அங்கே கையில் அகப்பட்டது 1937இல் சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை. அலமாரிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து புரட்டினார். ஐயரின் உரை தெளிவாக விளங்கியது. உரை விளங்கவே பாட்டும் திறந்துகொண்டது.

மாணவச் செல்வங்களே, இதை நீங்கள் கொஞ்சம் எண்ணிப் பார்க்கவேண்டும். கும்பகோணத்து ஆசிரியர் தம் முதுமையில், எண்பதைக் கடந்த வயதில், பாடம் ஒப்பிட்டு, பதவுரையும் விசேட உரையும் எழுதிப் பதிப்பித்த புத்தகம். கடல் கடந்து ஒரு நூலகத்தின் அடித்தளத்தில், எடுப்பார் இல்லாமல் காத்திருந்தது. நூலகம் என்பது இன்று யாரும் கேட்காத புத்தகத்தையும் வாங்கி வைப்பது. அந்த ஒரு புத்தகத்தை யாரோ ஒரு நூலகர் வாங்கி வைத்ததால், 1967இல் ராமானுஜனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு வந்தது. 1985இல் சங்கப் பாடல்களின் பெரிய தொகுப்பு வந்தது. உலகத்தின் கவிதை வாசகர்கள் கபிலரையும் ஔவையாரையும் படித்தார்கள். நம் நாட்டிலேயே தமிழ் படிக்கத் தெரியாத பல இளம் கவிஞர்கள் திணை என்றால் என்ன என்று அறிந்துகொண்டது அவரிடம்தான்.

அவர் சங்கப் பாடலோடு நிற்கவில்லை. கன்னட வசனங்களை 1973இல் மொழிபெயர்த்தார். 1981இல் நம்மாழ்வார் பாசுரங்கள். இங்கேதான் பழைய நூல் ஒன்று திரும்பவும் கைக்கு வருகிறது. குடந்தைப் பெருமாள்மேல் பாடிய பத்தைக் கேட்டு நாதமுனிகள் மீட்ட திருவாய்மொழிக்கு முதன்முதலில் உரை எழுத வைத்தவர் உடையவர். அவர் கட்டளையிட்டபடி திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய ஆறாயிரப்படிதான் அந்த உரை. வேதத்துக்கு இணையாக ஒரு தமிழ் நூலுக்கு உரை எழுதச் சொன்னது சாதாரணத் துணிவு அல்ல. சுமார் எண்ணூற்றைம்பது ஆண்டு கழித்து, அதே ஆசூரிக் குடியில் அதே பெயரோடு பிறந்த ஒருவர், அந்த உரைமரபைப் படித்து, அதே பாசுரங்களை வேறொரு கண்டத்தின் மொழிக்குக் கொண்டுபோனார். முன்னவர் பக்தியால் செய்தார். பின்னவர் கவிதைமேல் கொண்ட காதலால் செய்தார். நோக்கம் வேறுதான். என்றாலும் நம்மாழ்வார் இன்னும் பலரைச் சென்று சேரவேண்டும் என்ற விருப்பம் இருவரிடமும் இருந்தது.

இந்தச் சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே அதே காலத்தில் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இருந்தார். கணித ராமானுஜன் இறந்த செய்தியைப் பத்து வயது நிரம்பாத தமக்கு அம்மா சொன்னதை ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருந்தவர் அவர். ஹார்டி கேட்டுக்கொண்டதற்காக 1936இல் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிச் சென்று, ராமானுஜனின் பாஸ்போர்ட் படத்தை வாங்கி அனுப்பியவரும் அவரே. இன்று பாடநூலிலும் அஞ்சல்தலையிலும் நாம் பார்க்கும் அந்த முகம் அப்படித்தான் கிடைத்தது. ஒரு ராமானுஜனின் முகத்தை மீட்டவரும், சங்கக் கவிதையை மீட்ட இன்னொரு ராமானுஜனும் ஒரே வளாகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார்கள்.

ஏ.கே. ராமானுஜன் 1993 ஜூலையில் சிகாகோவில் இறந்தார். அவர் இறந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. முந்நூறு இராமாயணங்கள் என்ற பொருளில் அவர் எழுதிய கட்டுரை 1991இல் ஒரு தொகுப்பில் வெளிவந்தது. வால்மீகி, கம்பன், சமண இராமாயணம், கன்னட நாட்டுப்பாடல், தாய்லாந்தின் இராமகியன் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒரே கதை ஒவ்வொரு மண்ணிலும் எப்படித் தன் வடிவத்தைத் தேடிக்கொள்கிறது என்று காட்டும் கட்டுரை. அகலிகை கதையை வால்மீகி சொல்வதையும் கம்பன் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் படித்துக் காட்டுவது போல் நான் வேறெங்கும் கண்டதில்லை. சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததால் 2011 அக்டோபரில் தில்லிப் பல்கலைக்கழகம் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2012, தேசியக் கணித ஆண்டு. ஒரு ராமானுஜனுக்கு நாடெங்கும் விழா எடுத்தோம், மற்றொரு ராமானுஜனை வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பினோம். விழா எடுத்தது சரி. வெளியே அனுப்பியது தவறு. கம்பனைப் படிக்கிற எவரும் அந்தக் கட்டுரையால் இராமனை இழக்கமாட்டார்கள், இன்னும் நெருக்கமாகத்தான் அறிவார்கள். தமிழ்நாட்டு மாணவர்களாவது அதைத் தேடிப் படிக்கவேண்டும்.

கடைசியாக, குழப்பம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

சக்கரவர்த்தி பத்மநாபன் ராமானுஜம். 1938 ஜனவரி 9, சென்னையில் பிறந்தார். இவர் பெயர் 'ன்' என்று முடியாது, 'ம்' என்று முடியும். சென்னையில் பிறந்த ஒருவர், வைணவர், அதே பெயர், கணிதத்துறை. இதைவிடக் கனமான சுமையை ஓர் இளைஞன் தலையில் ஏற்ற முடியுமா? கட்டுரையின் கடைசியில் பெயரைப் பார்க்கிறவர் ஓர் எழுத்தை மாற்றிப் படித்துவிட்டால் போதும், செய்த வேலை முழுவதும் இன்னொருவர் கணக்கில் போய்விடும். வேறு துறையில் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அரியக்குடியை யாரும் கணிதமேதை என்று நினைக்கமாட்டார்கள்.

லயோலா கல்லூரியில் ராசீன் பாதிரியாரிடம் கணிதம் பயின்றார். பிரெஞ்சு நாட்டுக்காரரான ராசீன், பழைய பாடத்தோடு நிற்காமல், ஐரோப்பாவில் புதிதாக எழுந்துகொண்டிருந்த கணிதத்தைச் சென்னை மாணவர்களுக்குக் காட்டியவர். அவர் அனுப்பிவைத்தபடி பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1957இல் சேர்ந்தார் ராமானுஜம். முதலில் எண் கோட்பாடு, பிறகு இயற்கணித வடிவியல். ரஷ்ய அறிஞர் ஷஃபரேவிச் பம்பாயில் சொற்பொழிவாற்றியபோது குறிப்பெடுத்து நூலாக்கியவர் இவர். அமெரிக்கக் கணிதர் மம்ஃபோர்ட் வந்து பேசியபோதும் அப்படியே. அபேலியன் வெரைட்டிகள் பற்றிய மம்ஃபோர்டின் நூலில் இவர் எழுதிய பின்னிணைப்பு ஒன்று சேர்ந்திருக்கிறது. உலகமெங்கும் அந்தத் துறை மாணவர்கள் இன்றும் படிக்கும் நூல் அது. சொல்பவரைவிடத் தெளிவாகக் கேட்டு எழுதுகிறவர் கிடைப்பது அரிது. அந்தப் பணியைத் தாழ்வாக நினைக்காதீர்கள். உரையாசிரியர்களால் வாழ்ந்த இலக்கியம் நம்முடையது.

சொந்தக் கண்டுபிடிப்புகளும் உண்டு. 1971இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, சமதளத்தை எந்த அடையாளங்களால் உறுதியாக இனம் காணலாம் என்று கேட்டது. ஒரு பரப்பை அறுக்காமல் கிழிக்காமல் ஒரே புள்ளியாகச் சுருக்கிவிட முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பெண்களின் உலகத்தில் அப்படிப்பட்ட பரப்பு சமதளமாகத்தான் இருக்கவேண்டுமா? இல்லை என்று காட்ட அவர் ஒரு பரப்பை உருவாக்கினார். புள்ளியாகச் சுருங்கும், ஆனால் சமதளம் அல்ல. அதற்கு ராமானுஜம் பரப்பு என்றே பெயர். எந்த நிபந்தனையைச் சேர்த்தால் அது சமதளமே ஆகிவிடும் என்பதையும் அதே கட்டுரையில் நிறுவினார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். 1916இல் கணிதமேதை எழுதிய கட்டுரையில் டௌ என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் எண்வரிசை ஒன்று வருகிறது. 2க்கு உரியது -24. 3க்கு உரியது 252. 6க்கு உரியது -6048. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பொதுக் காரணி இல்லாத எண்களுக்கு இது எப்போதும் பொருந்தும் என்றார் ராமானுஜன். மறு ஆண்டே கணிதர் மோர்டல் அதை நிறுவிவிட்டார். ஆனால் பகா எண்களுக்கு அந்த வரிசை ஓர் எல்லையைத் தாண்டாது என்ற இரண்டாவது கணிப்பு ஐம்பது ஆண்டுக்குமேல் யாருக்கும் மசியவில்லை. கடைசியில் 1974இல் பெல்ஜியக் கணிதர் டெலீன் அதை வென்றார். எதனால் வென்றார்? எண் கோட்பாட்டுக்குள்ளேயே சுற்றி வந்து அல்ல. இயற்கணித வடிவியலின் புதிய கருவிகளால். அதாவது எஸ். ராமானுஜன் விட்டுச் சென்ற பூட்டுக்குச் சாவி, சி.பி. ராமானுஜம் உழைத்துக்கொண்டிருந்த துறையில்தான் வார்க்கப்பட்டது.

அதே 1974 அக்டோபர் 27 அன்று சி.பி. ராமானுஜம் பெங்களூரில் காலமானார். பல ஆண்டுகள் மனநோயோடு போராடியபடிதான் இவ்வளவும் செய்திருந்தார். வயது 36. இவ்விருவரையும் இளமையில் இழந்த துயரத்தை ஒப்பிட்டு, கணிதமேதைகளுக்கு விதி இப்படித்தான் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. நோய் எந்தத் துறையிலும் வரும். மனநோயைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசி மருத்துவரிடம் போகும் பழக்கம் அன்று நம் வீடுகளில் இல்லை, இன்றும் போதிய அளவு இல்லை. அவர் நினைவாக டாட்டா நிறுவனம் 1978இல் ஒரு நூல் கொண்டுவந்தது. இத்தாலியில் ஜெனோவாவின் கணிதக் கழகத்தில் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த சென்னையில் தெருவில் போகும் ஒருவரை நிறுத்திக் கேட்டால், ஓர் எழுத்தைத் திருத்தி அவரை மற்றவராக்கிவிடுவார்கள்.

இந்த நூலகத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. டிசம்பர் 22 அன்று ஒவ்வோர் ஆண்டும் கணித நாள் கொண்டாடுகிறீர்கள். படத்துக்கு மாலை போடுகிறீர்கள், வினாடி வினா வைக்கிறீர்கள். அன்று கண்காட்சி மேசையில் குறுந்தொகையின் 1937 பதிப்பையும் ஏ.கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். அது மார்கழி மாதம். அரியக்குடியின் திருப்பாவையை ஒலிக்க விடுங்கள். அதற்குப் பதினெட்டாம் நாள் ஜனவரி 9. அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, கல்லூரியிலிருந்து ஒரு கணித ஆசிரியரை அழைத்து, ராமானுஜம் பரப்பு என்றால் என்ன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் கரும்பலகையில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அழைப்பிதழில் இனிஷியலை மறக்காமல் அச்சிடுங்கள்: சி.பி.